இரண்டு நிரல்கள் இடம் மாறியபோது: மூலக்கூறு ஆய்வில் கோப்பு ஒழுங்கு ஏன் முக்கியம்?

2006 டிசெம்பரில் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி சாங், 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியான தனது மூன்று கட்டுரைகளை மீளப்பெற்றார். பிற சஞ்சிகைகளில் வந்தவற்றையும் சேர்த்தால் ஐந்து. பக்டீரியாவின் மென்சவ்வில் கொழுப்புப் பொருட்களைக் கடத்தும் ஒரு புரதத்தின் முப்பரிமாண அமைப்பை 2001 இல் வெளியிட்டுப் பெயர் பெற்றவர் அவர். மருந்தை வெளியே தள்ளிவிடும் புற்றுநோய்க் கலப் புரதங்களுக்கு அது உறவு என்பதால், வேறு பலரும் அந்த அமைப்பை நம்பித் தங்கள் ஆய்வுகளைத் தொடர்ந்தனர்.

2006 செப்டெம்பரில் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் அதே குடும்பப் புரதம் ஒன்றின் அமைப்பை வெளியிட்டார்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை. தேடிப்பார்த்தபோது, இன்னொரு ஆய்வுகூடத்திலிருந்து கைமாறி வந்த ஒரு சிறிய மென்பொருள் தரவின் இரண்டு நிரல்களை இடம் மாற்றி, குறியைத் தலைகீழாக்கியிருந்தமை தெரியவந்தது. மோசடி எதுவும் இல்லை. திருத்திய அமைப்புகளை அவரது குழு 2007 இல் வெளியிட்டது. ஆனால் இடையில் போன வருடங்கள் போனவைதான்.

மூலக்கூறு மாதிரியாக்கம் இன்று எங்கள் மாணவர்களுக்கும் எட்டக்கூடிய துறை. விலையுயர்ந்த ஆய்வுகூடம் தேவையில்லை. 1971 இல் தொடங்கிய புரதத் தரவு வங்கியில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகளை இலவசமாகப் பெறலாம். குரோமாக்ஸ், ஓட்டோடொக் வினா போன்ற மென்பொருட்களுக்கும் காசு இல்லை. சிக்கல் பிறகுதான் வருகிறது. ஒரு புரதம், பத்து மருந்து மூலக்கூறுகள், ஒவ்வொன்றையும் மூன்று தடவை ஓட்டினால் முப்பது ஓட்டங்கள். ஒவ்வொன்றும் ஆறேழு கோப்புகளை விட்டுச்செல்லும். 'புதியது', 'புதியது 2', 'இறுதி', 'உண்மையான இறுதி' என்று பெயர் வைத்தவருக்கே ஒரு மாதத்தில் எது எதுவென்று தெரியாது.

தரவிறக்கிய மூலக் கோப்பைத் தனிக் கோப்புறையில், யாரும் மாற்ற முடியாதபடி பூட்டி வைக்கவேண்டும். அதன் அடையாள எண்ணையும் தரவிறக்கிய திகதியையும் பக்கத்தில் குறிக்கவேண்டும். வங்கியிலுள்ள பதிவுகளும் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. அதற்குப் பிறகு நடக்கும் தயார்ப்படுத்தலில்தான் தவறுகள் ஒளிந்துகொள்கின்றன. நீர் மூலக்கூறுகளை நீக்குகிறோம், ஐதரசன் சேர்க்கிறோம். ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தில் ஐதரசனை எந்த நைதரசனில் வைப்பது என்ற சிறு முடிவே மருந்து பொருந்தும் விதத்தை மாற்றிவிடலாம். அந்த முடிவை மென்பொருள் எடுத்ததா, நீங்கள் எடுத்ததா? எழுதி வைக்காவிட்டால் யாராலும் சொல்லமுடியாது. ஆகவே கையால் செய்வதைவிட ஒரு ஸ்கிரிப்டாக எழுதி, ஓட்டத்தின் திகதியைப் பெயராகக் கொண்ட கோப்புறையில் வைப்பதே நல்லது. வில்லியம் நோபிள் என்ற ஆய்வாளர் 2009 இல் இதுபற்றி எழுதிய வழிகாட்டியும் திகதிவாரியான கோப்புறைகளையே பரிந்துரைக்கிறது.

எதைக் காப்பாற்றுவது என்ற கணக்கை இடம்பெயர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வீட்டையும் நெல்லையும் விட்டுவிட்டு, பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் அடையாள அட்டையும் வைத்த சொப்பிங் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் எங்களில் எத்தனை பேர்! அணுக்களின் அசைவைப் பதிவுசெய்யும் கோப்புகள் நூற்றுக்கணக்கான ஜிகாபைட் வரை வளரும். அவை தொலைந்தால் மறுபடி ஓட்டிப் பெறலாம். அச்சொட்டாக அதே பாதை வராது, ஆனால் போதிய நேரம் ஓட்டியிருந்தால் சராசரிகள் ஒத்துவரவேண்டும். உள்ளீட்டுக் கோப்பு, ஸ்கிரிப்ட், மென்பொருளின் பதிப்பு எண், குறிப்பேடு ஆகியவை தொலைந்தால் மறுபடி ஓட்டவே வழியில்லை. இவை எல்லாம் ஒரு சின்னப் பென் டிரைவில் அடங்கும். இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள்.

மின்வெட்டையும் மறக்கக்கூடாது. 2022 இல் அது ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நீண்டது. குரோமாக்ஸ் வழமையாக 15 நிமிடத்துக்கு ஒருதடவை ஒரு மீட்புக் கோப்பை எழுதுகிறது. மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வன்தட்டில் இடம் போதவில்லையென்று துப்புரவு செய்யும்போது, ஓட்டம் முடிவதற்குள் அதை அழித்துவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான்.