நாலு தரம் விட்டவர் ஐந்தாம் தரம் விடுவது எப்படி?

“நாலு தரம் விட்டுப் பாத்திட்டன் தம்பி. எனக்குச் சரிவராது.”

சுருட்டையோ பீடியையோ சிகரெட்டையோ விடும்படி சொல்லப் போகிறவர்களுக்கு எமது கிராமங்களிலும் இடம்பெயர்ந்தோர் குடியிருப்புகளிலும் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இதுதான். இப்படிச் சொல்பவர் புகைத்தலின் தீமையை அறியாதவர் அல்லர். தகப்பனையோ தமையனையோ தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்று வந்தவராகக்கூட இருக்கலாம். புகையிலை கெடுதல் என்று அவருக்கு இன்னொரு முறை சொல்லிப் பயனில்லை. நாலு தரமும் ஏன் தவறியது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியது. இக்கட்டுரை அதைப் பற்றியதே.

புகையிலையைத் திட்டுவது எமக்கு இலகுவான காரியமல்ல. வலிகாமத்துச் செம்மண்ணில் பல குடும்பங்களுக்குக் கல்வீடு கட்டிக் கொடுத்ததும், பிள்ளைகளைப் படிக்க வைத்ததும், பெண்பிள்ளைகளுக்குச் சீதனம் தேடியதும் இந்தப் பயிர்தான். ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. பின்னர் எம்மவர் தென்னிலங்கைப் பட்டினங்களெங்கும் சுருட்டுக்கடை வைத்தார்கள். 1990இல் போர் மீண்டும் மூண்டு, பாதையும் அடைபட்டு, பொருளாதாரத் தடையும் வந்தபோது அந்த வியாபாரம் முறிந்தது. சந்தைக்குப் போகாத புகையிலை வீட்டிலே கிடந்தது. கடைச் சிகரெட்டுக்குத் தட்டுப்பாடு வந்தாலும் சுருட்டுக்கு எம்மிடம் குறைவிருக்கவில்லை.

செடியும் உடம்பும்

புகையிலையை விட முடியாமல் செய்யும் பொருள் நிக்கொட்டின். இது செடியின் வேரிலே உண்டாகி இலைக்கு ஏறுகிறது. பூக்கொத்தை முறித்துவிட்டால் இலை தடித்துக் காரமேறும் என்பதைக் கமக்காரருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. முறித்தபின் வேர் கூடுதலாக நிக்கொட்டின் செய்வதும் அதற்கு ஒரு காரணம். மழை ஈரத்தோடோ பனி ஈரத்தோடோ இலை முறித்த நாளில் தலைச்சுற்றும் சத்தியும் வருவது, அது தோலின் வழியாக உடம்பில் ஏறுவதால்தான். சுருட்டையே தொடாத பெண்களுக்கும் இது வரும்.

சிகரெட்டின் புகையை உள்ளே இழுத்தால் சில செக்கன்களில் நிக்கொட்டின் மூளையை அடைந்துவிடுகிறது. அங்கே அது சிறிது நேரம் ஒரு தெளிவையும் ஆறுதலையும் தருகிறது. ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் இரத்தத்தில் உள்ளதில் அரைவாசி கழிந்துவிடும். உடனே மூளை அடுத்ததைக் கேட்கும். இரவு முழுவதும் பட்டினி கிடந்த மூளை விடியற்காலையில் மிகவும் உரக்கக் கேட்கும். ஆகவேதான் எழுந்தவுடன் பற்றவைக்கும் சுருட்டை விடுவது மற்றெல்லாவற்றையும்விடக் கடினமாயிருக்கிறது.

“நான் சுருட்டுத்தான், புகையை உள்ளுக்கு இழுக்கிறேல்லை” என்று சொல்லும் பெரியவர்கள் எம்மிடையே உண்டு. சுருட்டின் புகை காரத்தன்மை கூடியது. அதிலுள்ள நிக்கொட்டின் வாயின் உட்தோலினூடாகவே இரத்தத்தில் சேர்ந்துவிடும். நோயும் அந்த வாயிலேயே தொடங்கலாம். இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்னிற்கிறது. சுருட்டை விட்டு வெற்றிலையோடு ஒரு துண்டுப் புகையிலை வைத்துக்கொள்பவர் நிக்கொட்டினை விட்டவராக மாட்டார்.

விட்ட முதல் மூன்று நாட்கள்தான் உடம்புக்கு மிகக் கடினமானவை. எரிச்சல், நித்திரையின்மை, ஒன்றிலும் மனம் ஒட்டாமை, அடங்காப் பசி எல்லாம் அப்போது வரும். வீட்டில் சின்ன விடயத்துக்கும் சண்டை வரும். இரண்டு முதல் நான்கு கிழமைகளுக்குள் இவை பெரும்பாலும் தணிந்துவிடும். அப்படியானால் ஆறு மாதம், ஒரு வருடம் விட்டிருந்தவர் மீண்டும் பற்றவைப்பது ஏன்? உடம்பிலே நிக்கொட்டின் பட்டினி அப்போது இல்லையே.

இதற்கு விடை தேட, எமக்குத் தெரிந்த பலரின் அனுபவங்களைச் சேர்த்து ஒரு கமக்காரரின் கதையாகச் சொல்கிறோம்.

கிணற்றுக்கட்டு

அவர் வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர். மூத்த பிள்ளை பிறந்தபோது முதல் முறையாக விட்டார். பன்னிரண்டாம் நாள் விடிய, இறைப்புக்குப் போய்த் தோட்டக் கிணற்றுக்கட்டில் இருந்தபோது கை தானாகவே சாரத்து மடிக்குப் போயிற்று. அதோடு அது முடிந்தது.

1990 ஆனியில் ஊரைவிட்டு வெளியேறி உறவினர் வீட்டில் தங்கியபோது, பிறர் வீட்டில் புகைப்பது மரியாதையல்ல என்று இரண்டாம் முறை விட்டார். தோட்டமில்லை, வேலையில்லை. பகல் முழுவதும் சந்தி மதகில் இருந்தார். மதகில் இருந்தவர்கள் யாவரும் புகைத்தார்கள். இரண்டு மாதத்தில் அவரும் சேர்ந்துகொண்டார்.

மூன்றாம் முறை காசில்லாததால் நேர்ந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் இலட்சக்கணக்கில் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது அவரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார். சில நாட்களின்பின், தங்கியிருந்த பள்ளிக்கூட விறாந்தையில் ஷெல் சத்தம் கேட்ட ஓர் இரவு, பக்கத்தில் இருந்தவர் ஒரு குறைச் சுருட்டை நீட்டினார். அதை வேண்டாமென்று சொல்ல எவருக்குத்தான் மனம் வரும்?

நாலாம் முறை முகாம் வாழ்க்கையில். ஒரே அறை, தறப்பாள் கூரை, கடைசிப் பிள்ளைக்கு முட்டு. வைத்தியர் பிள்ளையைப் பார்த்துவிட்டுத் தகப்பனின் சட்டையை முகர்ந்து பார்த்தாராம். அன்று விட்டவர் ஒரு வருடமும் இரண்டு மாதமும் தொடவில்லை. யாவரும் வென்றுவிட்டார் என்றே நினைத்தார்கள். பிறகு, போர் முடிந்து சில ஆண்டுகளில், அவரது காணி விடுபட்டது. பற்றை மூடிய காணிக்குள் வெட்டிக்கொண்டு போனார். வீட்டில் கூரையில்லை, கதவுமில்லை. கிணறு மட்டும் இருந்தது. கிணற்றுக்கட்டில் ஏறி இருந்தார். இருபது வருடத்துக்குமுன் போன அதே கை அதே மடிக்குப் போயிற்று. மடியில் ஒன்றுமில்லை. பொழுதுபடுமுன் கடைக்குப் போய் வாங்கி வந்தார்.

“இஞ்சேருங்கோ, திரும்பவும் தொடங்கிட்டியளே?” என்று மனைவி கேட்டபோது அவர் சொன்ன பதில், “எனக்கு மனவுறுதி காணாது” என்பது. நாம் அதை ஏற்கவில்லை. ஒரு வருடமும் இரண்டு மாதமும் விட்டிருந்தவருக்கு உறுதி இல்லை என்று எப்படிச் சொல்வது? அவர் எதிர்பாராதது அந்தக் கிணற்றுக்கட்டைத்தான்.

மூளை நிக்கொட்டினை மட்டும் பழகுவதில்லை. அது கிடைத்த நேரத்தையும் இடத்தையும் ஆளையும் சேர்த்தே பழகுகிறது. உடம்பின் பட்டினி சில கிழமைகளில் ஓய்ந்தாலும், அந்த இடத்தின் நினைவு வருடக்கணக்கில் உறங்கிக் கிடந்து, அங்கே மீண்டும் காலடி வைத்தவுடன் எழும்பும்.

இதற்கு வெளியுலகில் ஒரு பேர்பெற்ற ஆதாரம் உண்டு. வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் பலர் ஹெரோயினுக்கு அடிமையானார்கள். 1971இல் நாடு திரும்பியவர்களை லீ ரொபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தார். அங்கே அடிமையாயிருந்தவர்களில் மிகச் சிறு பங்கினரே ஊர் திரும்பிய முதல் வருடத்தில் மீண்டும் அடிமையானார்கள். அவர்களைத் தூண்டிய இடமும் கூட்டாளிகளும் பயமும் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டது இதற்கு ஒரு முக்கிய காரணம் என்று கருதப்படுகிறது. அவர்கள் போர்க்களத்தை விட்டு வீட்டுக்குப் போனார்கள். நாமோ வீட்டை விட்டுப் போருக்குள்ளே நடந்தோம். இடம் மாறியதன் நன்மை அவர்களுக்குக் கிடைத்ததுபோல எமக்குக் கிடைக்கவில்லை. போன இடத்திலே புதிய பயமும் வேலையற்ற பகலும் புதிய தூண்டுதல்களாயின. திரும்பி வந்தபோது பழையவையும் காத்திருந்தன.

எத்தனை முறை?

உறவினர் பலர் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், விட முயன்ற 1277 பேரை மூன்று ஆண்டுகள் வரை பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2016இல் வெளியாயிற்று. ஒருவர் வெற்றியாக விடுவதற்கு 30 முயற்சிகளோ அதற்கு மேலோ தேவைப்படலாம் என்று அது கணித்தது. ஒரு நாள், இரண்டு நாள் விட்டுப் பார்த்ததும் அந்தக் கணக்கில் சேரும். நாலு தரம் தவறியவர் இதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. அவர் இன்னும் தொடக்கத்திலேதான் நிற்கிறார்.

ஆனால் அதே முறையில் முப்பது தரம் மோதுவதால் பயனில்லை. புகையிலையில் நுனியை முறித்தவுடன் பக்கத் தளிர் வரும் என்று எமக்குத் தெரியும். அது எந்தக் கணுவில் வரும் என்பதும் தெரியும். அதனால் அந்தக் கணுவைப் பார்த்துக்கொண்டே வருகிறோம். இதிலும் அப்படியே. தவறிய ஒவ்வொரு முறையும், திரும்பப் பற்றவைத்த அந்த முதற் சுருட்டை மட்டும் நினைவுக்குக் கொண்டுவாருங்கள். எங்கே இருந்தீர்கள்? என்ன நேரம்? யார் தந்தார்? அதற்கு முன் என்ன நடந்தது? பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். எழுத விருப்பமில்லாதவர் மனைவியிடம் கேட்கலாம். அவருக்கு எல்லாம் நினைவிருக்கும். மேலே சொன்ன கமக்காரரின் தாளில் இரண்டு முறை கிணறு வரும். ஒரு முறை மதகு, ஒரு முறை இரவுப் பயம்.

அந்த இடத்துக்குத்தான் ஏற்பாடு வேண்டும். கிணற்றடிக்குத் தனியே போகாமல் முதல் மாதம் மகனையோ மனைவியையோ கூட்டிச் செல்லலாம். இறைக்கும்போது கட்டில் இராமல் வாய்க்கால் திருப்பிக்கொண்டு நிற்கலாம். விடியத் தேத்தண்ணியோடு சுருட்டுப் பிடித்தவர் சிலகாலம் தேத்தண்ணியை எழுந்தவுடன் குடிக்காமல் முகம் கழுவி, முற்றம் கூட்டி, பிறகு குடிக்கட்டும். நெருப்புப்பெட்டி அடுப்படியில் இருக்கட்டும், மடியில் வேண்டாம். எழும்பும் ஆசை, பற்றவைக்காமல் விட்டால், சில நிமிடங்களில் தணியும். அந்த நிமிடங்களுக்குக் கைக்கு ஒரு வேலை வேண்டும். மண்வெட்டிப் பிடி சீவுவதோ கிடுகு பின்னுவதோ போதும். மதகுக் கூட்டாளிகளிடம் “எனக்கு நீட்டாதையுங்கோ அண்ணை” என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது வெட்கமல்ல.

தவறி ஒன்று பிடித்துவிட்டால் என்ன செய்வது? இங்கேதான் பலர் கவிழ்கிறார்கள். “தொட்டாச்சு, இனி என்ன” என்று முழுப் பெட்டியையும் வாங்கிவிடுகிறார்கள். ஒரு சுருட்டு ஒரு சுருட்டுத்தான். பாத்தியில் ஒரு கன்று பட்டுவிட்டதென்று முழுத் தோட்டத்தையும் நாம் உழுவதில்லையே.

வீட்டாருக்கும் ஒரு சொல். முதல் நாட்களின் எரிச்சலைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தவறியதைக் கண்டால் பழைய நாலு முறையையும் எடுத்துக் குத்திக் காட்ட வேண்டாம். “எங்கை வைச்சுப் பத்தினீங்கள்?” என்று மட்டும் கேளுங்கள். சுருட்டு வாங்கப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பும் பழக்கத்தையும் நிறுத்த வேண்டும். 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம்.

இவ்வளவு ஏற்பாட்டின் பின்னும் முதல் மூன்று நாளைத் தாங்க முடியாதவர்கள் வைத்தியரிடம் நிக்கொட்டின் சுவிங்கம், தோலில் ஒட்டும் நிக்கொட்டின் ஒட்டுத்துண்டு ஆகியவற்றைப் பற்றிக் கேட்கலாம். இவற்றை உலக சுகாதார நிறுவனம் 2009இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. புகையின்றிச் சிறிதளவு நிக்கொட்டினைக் கொடுத்துப் பட்டினியைத் தணித்து, பின் அதையும் குறைத்து நிறுத்துவது இந்த முறை. விடுவோரின் வாய்ப்பை இது ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்குகிறது. இதய வருத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேளாமல் பாவிக்கக் கூடாது.

“இந்த வயதில் விட்டு என்ன கிடைக்கப்போகுது?” என்று கேட்கும் ஐயாமாருக்கும் பதில் உண்டு. பிரித்தானியாவில் 1951இல் தொடங்கி வைத்தியர்களையே ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வின்படி, 50 வயதில் சிகரெட்டை விட்டவர்கள் விடாதவர்களைவிடச் சராசரியாக 6 ஆண்டுகளும், 60 வயதில் விட்டவர்கள் 3 ஆண்டுகளும் கூட வாழ்ந்தார்கள்.

காணி விடுபட்டு இனித்தான் திரும்பப் போகிறவர்கள், புகைத்தலை விட்டவர்களாயின், போகும் முதல் நாளுக்கென்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டு போங்கள். பற்றை வெட்ட வரும் உறவினருக்குத் தேநீரும் பணிஸும் கொண்டு போகலாம். சுருட்டுக் கட்டு வேண்டாம். மத்தியானம் களைத்து இருக்கும்போது எங்கே இருப்பீர்கள் என்பதையும் காலையிலேயே யோசித்து வையுங்கள். கிணற்றுக்கட்டைத் தவிர, மர நிழல் எங்காவது மிச்சமிருக்கும்.