நகரப் பூங்காக்களில் பலவகை மரங்கள்

பூங்கா என்பது வெறும் அலங்காரத்தின்பொருட்டு ஏற்பட்டதன்று. வெயிலில் களைத்தோர்க்கு நிழலும், புள்ளினங்களுக்கு இரையும், நகரத்தார் யாவர்க்கும் நல்ல காற்றும் அளிப்பது அது. இப்பயன்கள் நிலைபெற வேண்டுமாயின், மரங்களின் தொகை மட்டும் பெருகினாற் போதாது. அவற்றின் வகையும் பெருகுதல் வேண்டும்.

புதுக்கோட்டை ஜில்லாவில் இவ்விஷயம் தனிக் கவனத்திற்குரியது. திவான் சேஷையா சாஸ்திரியார் காலத்தில் நேரான அகன்ற வீதிகளும் குளங்களும் சீர்பெற்ற நகரம் புதுக்கோட்டை. 2018ஆம் வருஷம் நவம்பர் 16ஆம் தேதி, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய ‘கஜா’ புயல், இந்த ஜில்லாவின் தென்னை, பலா, மா, முந்திரித் தோப்புகளைச் சாய்த்ததோடு நில்லாமல், நகரத்தின் நிழல் மரங்களையும் வீழ்த்திற்று. பல வருஷங்கள் வளர்ந்த நிழல் ஓரிரவில் மறைந்தது. இத்தகைய வெற்றிடங்களில் எதனை நடுவது என்பதே கேள்வி.

புயல் மட்டுமே பகையன்று. இங்கிலாந்தில் 1960களின் பிற்பகுதி முதல் ‘எல்ம்’ மரங்களைப் பற்றிய பூசண நோய் இரண்டு கோடிக்கு மேற்பட்ட மரங்களை அழித்தது. அமெரிக்க நகரங்களோ எல்ம் மரங்கள் பட்டுப்போன இடங்களில் ‘ஆஷ்’ மரங்களை மிகுதியாக நட்டன. 2002ஆம் வருஷம் அங்கே கண்டறியப்பட்ட ஒரு பச்சை வண்டு அவற்றையும் கோடிக்கணக்கில் மாய்த்தது. ஒரே தவறு இருமுறை செய்யப்பட்டதன் பலன் இது. நம் நாட்டிலும், வேம்பின் நுனிக்கிளைகளைக் கருகச் செய்யும் பூசண நோய் 2021ஆம் வருஷம் தெலங்கானாவிற் பரவலாகக் காணப்பட்டது. வேம்பு நல்ல மரமே. ஆயினும் வேம்பு ஒன்றையே நம்பிய பூங்கா அத்தகைய நோய் வருங்கால் யாது செய்யும்?

இதற்கென அமெரிக்க மரநூல் அறிஞர் சாண்டமூர் 1990ஆம் வருஷம் ஒரு கணக்கு வகுத்தார். நூறு மரங்களில் ஓர் இனம் பத்துக்கும், ஒரு பேரினம் இருபதுக்கும், ஒரு குடும்பம் முப்பதுக்கும் மேற்படலாகாது என்பது அது. இதிற் குடும்பக் கணக்கே பெரும்பாலும் மறக்கப்படுவது. பெருங்கொன்றை, செம்மயிற்கொன்றை, தூங்குமூஞ்சி, புங்கம், சரக்கொன்றை, புளி என ஆறு வகை நட்டதாக ஒருவர் மகிழலாம்; ஆனால் அவ்வாறும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

வேறு குடும்பங்களைத் தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஐயனார் கோயில்களைச் சூழ்ந்த காடுகள் இந்த ஜில்லாவில் இன்றும் பல உள. தெய்வ பயத்தால் கோடரி படாது நின்ற அவற்றில் வீரை, காயா, குருந்து, உலக்கைப் பாலை, நாவல் முதலிய மரங்களும், களா, காரை முதலிய புதர்களும் வளர்கின்றன. இவை இம்மண்ணுக்கும் வறட்சிக்கும் பழகியவை. களாவும் நாவலும் பறவைகளுக்குக் கனி தரும். குருந்தின் தழை வண்ணத்துப்பூச்சிப் புழுக்களுக்கு உணவாகும். இவற்றுட் சில மெதுவாகவே வளரும் என்பது உண்மை. ஆகையால், விரைந்து நிழல் தரும் மரங்களை இடையிடையே நட்டு, இவை தலையெடுத்தபின் அவற்றைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

கோயிற் காட்டிலிருந்து கன்றுகளைப் பெயர்த்தெடுத்தல் கூடாது. ஊராரின் இசைவுடன் உதிர்ந்த விதைகளிற் சிறிதளவு மட்டும் சேகரித்தல் தகும். நாவல், இலுப்பை விதைகள் விரைவில் முளைப்புத் திறனை இழப்பவையாதலால், கனி பழுக்கும் ஆனி, ஆடி மாதங்களில் உடனுக்குடன் நாற்றுப் பைகளில் ஊன்றுதல் வேண்டும். செம்புறாங்கற் பூமியில் சிறு குழி தோண்டி நட்ட மரம் ஆழ வேரோடாது காற்றுக்குச் சாயும். மூன்றடி நீளம், அகலம், ஆழமுள்ள குழி தோண்டி, கடினப் படுகையை உடைத்து, மேல்மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்புதல் நலம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியில் நட்டால் நீர்ச் செலவு குறையும்.

பூங்காக்களின் பொறுப்பாளர்கள் முதலில் தம் மரங்களைக் குடும்ப வாரியாக எண்ணிக் குறித்துவைத்தல் வேண்டும். அக்குறிப்பைக் கண்டபின் அடுத்த கன்று எதுவென்று தானே விளங்கும். பல தானியம் விதைத்த குடியானவன் ஒரு பயிர் பொய்த்தாலும் பட்டினி கிடப்பதில்லை. பல மரம் வைத்த நகரமும் நிழலின்றி நில்லாது.