செல்போனுக்குள் வந்த புதுச் சட்டங்கள்

திருநின்றவூரில் இருதயாலீஸ்வரர் கோவில் இருக்கிறது. பூசலார் நாயனாரின் கதை அந்த ஊரைச் சேர்ந்தது. அவரிடம் பணம் கிடையாது. கல்லும் மரமும் வாங்க வழியில்லை. ஆகவே மனதுக்குள்ளேயே அடிக்கல் நாட்டினார். மதில் எழுப்பினார். கோபுரமும் கட்டி முடித்தார். காஞ்சியில் கல்லால் கோவில் கட்டிய பல்லவ மன்னன், "அந்தக் கோவில் எங்கே?" என்று தேடிக்கொண்டு வந்தான். ஒரு செங்கல்கூட அவன் கண்ணில் படவில்லை!

இன்றைக்கும் கண்ணுக்குத் தெரியாத கட்டிடம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். செல்போனில் விரலால் தொட்டதும் திறக்கிறதே, 'ஆப்' என்கிற செயலி, அதை எழுதுகிறவர்கள்தான் அவர்கள். பூசலாருக்கு இல்லாத ஒரு தொல்லை இவர்களுக்கு உண்டு. கட்டிடத்துக்கு அடியில் இருக்கிற தரை, ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு முறை மாறிவிடும்!

அந்தத் தரையின் பெயர் ஆண்ட்ராய்டு. செல்போனை இயக்கும் மூல ஏற்பாடு அது. அதை வெளியிடுவது கூகுள் நிறுவனம். ஆண்ட்ராய்டின் 16-வது பதிப்பு 2025 ஜூன் 10-ந் தேதி வெளிவந்தது. செயலி எழுதுகிறவர்கள் ஒத்திகை பார்ப்பதற்காக, அதன் முன்னோட்டத்தை 2024 நவம்பரிலேயே கொடுத்துவிட்டார்கள். (ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு தின்பண்டத்தின் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். 16-வது பதிப்புக்கு 'பக்லாவா'. நம் அதிரசத்துக்கு இன்னும் முறை வரவில்லை!)

தரை மாறினால் நமக்கென்ன? திருநின்றவூர் ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்தால் தெரியும்.

ரெயில் டிக்கெட்

ஆவடி, அம்பத்தூர், சென்னை என்று வேலைக்குப் போகிறவர்களுக்குக் காலை நேரத்தில் ஒவ்வொரு நிமிடமும் பெரிது. செல்போனிலேயே டிக்கெட் எடுக்கும் வசதி சென்னை மின்சார ரெயில்களில் 2015-ம் ஆண்டு வந்தது. அந்தச் செயலியின் பெயர் யு.டி.எஸ். பிறகு 2025 ஜூலை 1-ந் தேதி 'ரெயில் ஒன்' என்ற செயலியும் வந்தது.

யு.டி.எஸ். செயலியில் ஒரு நிபந்தனை வைத்தார்கள். காகிதம் இல்லாத டிக்கெட்டை, தண்டவாளத்துக்குச் சற்றுத் தள்ளி நின்றுதான் எடுக்க வேண்டும். பரிசோதகரின் தலையைப் பார்த்த பிறகு அவசரமாக டிக்கெட் எடுக்கக் கூடாது அல்லவா? ஆள் நிற்கும் இடத்தைச் செயலி எப்படி அறிந்துகொள்ளும்? போனைத்தான் கேட்க வேண்டும்.

இங்கேதான் புதுச் சட்டங்கள் குறுக்கே வருகின்றன.

ஒரு காலத்தில் செயலியைப் போனில் ஏற்றும்போதே எல்லாவற்றுக்கும் சேர்த்து மொத்தமாகச் சம்மதம் வாங்கிவிடுவார்கள். கேமரா, மைக், சொந்தக்காரர்களின் நம்பர்கள், நிற்கும் இடம் எல்லாம் அதில் அடக்கம். படிக்காமலே கையெழுத்துப் போட்ட பத்திரம் மாதிரிதான். 2015-ல் வந்த 6-வது ஆண்ட்ராய்டு அதை மாற்றியது. எது தேவையோ அதை, தேவைப்படும் நேரத்தில், தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்றது. 2021-ல் வந்த 12-வது பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. "சரியான இடத்தைச் சொல்லமாட்டேன், சுமாராகத்தான் சொல்வேன்" என்று போன்காரர் சொல்லலாம். பத்தடி, இருபதடிக் கணக்குப் பார்க்கும் செயலிக்குச் சுமார் கணக்கு எப்படிப் போதும்? ஆகவே செயலிக்காரர்கள் அதற்கேற்ற வழி செய்யவேண்டியிருந்தது.

பழைய சீட்டில் வந்த திருடன்

ஒவ்வொரு செயலியும், "நான் இந்தப் பதிப்புக்காக எழுதப்பட்டவன்" என்று ஒரு சீட்டை வைத்திருக்கும். பழைய சீட்டு வைத்திருந்தால் போனும் பழைய சட்டப்படியே நடத்தும். பழைய செயலிகள் கெட்டுப்போகக் கூடாது என்ற நல்லெண்ணம்தான்.

அந்த நல்லெண்ணத்தைத் திருடர்கள் பிடித்துக்கொண்டார்கள். புதிதாக எழுதிய மோசடிச் செயலிக்கு 2015-க்கு முந்திய சீட்டை ஒட்டினார்கள். பழையபடி மொத்தச் சம்மதம் கிடைத்துவிட்டது!

2023-ல் வந்த 14-வது ஆண்ட்ராய்டு அந்த வாசலை அடைத்தது. 6-வது பதிப்புக்கு முந்திய சீட்டுடன் வரும் செயலியைப் புதிதாக ஏற்றவே விடாது. 2024-ல் வந்த 15-வது பதிப்பு, அந்த அளவை 7 என்று உயர்த்தியது.

இதனால் எல்லாத் திருட்டும் நின்றுவிட்டதா? இல்லை. 2024-ல் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் மோசடிச் செயலிகள் வந்தன. போலீசார் எச்சரித்தார்கள். புதுச் சீட்டுடன் வந்து, "அனுமதி கொடு" என்று கேட்டு, நாமும் "சரி" என்று தொட்டுவிட்டால் ஆண்ட்ராய்டு என்ன செய்யும்?

பெரிய பக்கம்

இன்னொரு மாற்றம் போனின் ஞாபகசக்தியைப் பற்றியது. போன் தன் நினைவைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறது. இதுவரை பக்கத்தின் அளவு 4 கிலோபைட். 15-வது பதிப்பிலிருந்து 16 கிலோபைட் பக்கத்துக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். நோட்டுப் புத்தகத்தின் பக்கம் நாலு மடங்கு பெரிதானால், புரட்டும் வேலை குறையும். பெரிய பக்கம் வைத்த போன், 'ஆன்' செய்து தயாராகும் நேரம் சராசரி 8 சதவீதம் குறைந்ததாகக் கூகுள் சோதனை செய்து சொல்கிறது.

ஆனால் சி, சி பிளஸ் பிளஸ் என்ற கணினி மொழிகளில் எழுதிய பகுதிகள் உள்ள செயலிகளை இதற்காக மறுபடி தயாரிக்க வேண்டும். 15-வது பதிப்புக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் எழுதப்படும் செயலிகளுக்கு 2025 நவம்பர் 1-ந் தேதி கெடு வைத்தார்கள்.

பெரிய நிறுவனங்களுக்கு இது பெரிய காரியம் இல்லை. நூறு பேர் உட்கார்ந்து திருத்திவிடுவார்கள். சிரமம் எல்லாம் தனி ஆளுக்குத்தான். ஆபீஸ் வேலை முடிந்து, வீட்டில் ராத்திரி விழித்து, நாலு பேருக்கு உதவட்டும் என்று இலவசமாகச் செயலி எழுதியவர் இருப்பார். ஆண்டுதோறும் கெடு வந்தால் அவர் எத்தனை நாளைக்குத் தாங்குவார்? இந்த விஷயத்தில் கூகுள் சற்று இரக்கம் காட்டினால் தவறில்லை.

அவர் விட்டுவிட்டால் என்ன ஆகும்? 2025 ஆகஸ்டு 31-ந் தேதி அமலான விதிப்படி, 14-வது பதிப்புக்கோ அதற்குப் பிந்தியதற்கோ ஏற்றபடி மாற்றாத பழைய செயலியை, அதைவிடப் புதிய பதிப்புள்ள போனில் புதிதாகத் தேடினால் 'பிளே ஸ்டோர்' காட்டாது. முன்பே அங்கிருந்து எடுத்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும். அம்மாவின் போனில் பல வருஷமாக இருக்கிற நாட்காட்டி, மகள் வாங்கிய புதுப் போனில் அகப்படாமல் போனால், போன் விற்ற கடைக்காரருடன் சண்டைக்குப் போகவேண்டாம்.