வெட்சூட்: குளிருக்கா, மிதப்புக்கா?

டிரையத்லான் போட்டியின் முதல் கட்டமான நீச்சலுக்கு அணியும் வெட்சூட்டைக் குளிருக்கான உடை என்றே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். பிறந்த கதையும் அப்படித்தான். 1950களின் தொடக்கத்தில், பெர்க்லியில் பணிபுரிந்த இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் அமெரிக்கக் கடற்படையின் முக்குளிப்பு வீரர்களுக்காக இதை உருவாக்கினார். நீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். ஆகவே உடம்பில் தண்ணீரே படக் கூடாது என்றுதான் அதுவரை நினைத்தார்கள். தண்ணீர் உள்ளே வந்தால் வரட்டும், வெப்பத்தைக் காப்பது உடைக்குள் அடைபட்ட வாயுக் குமிழிகள்தான் என்று கண்டது பிராட்னரின் கூர்மை. நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பர் நுரை அதற்குப் பொருந்தி வந்தது. ஆனால் அதே குமிழிகள் உடம்பைத் தூக்கியும் பிடிக்கின்றன. பந்தயத்தில் வெட்சூட் தரும் பெரிய லாபம் இந்த மிதப்புதான். அதனால்தான், அதை அணிவதா வேண்டாமா என்பதை வீரரின் விருப்பத்துக்கு விடாமல் போட்டி விதி தண்ணீரின் வெப்பநிலையிடம் விட்டிருப்பது நியாயம் என்கிறேன்.

நீரில் குப்புறப் படுத்தால் காற்று நிறைந்த நுரையீரல் மார்பை உயர்த்தும்; எடையின் மையமோ இடுப்புப் பக்கம் இருக்கிறது. கால்கள் தாழ, உடல் சாய்ந்து, நீரின் இழுவை கூடுகிறது. தேர்ந்த நீச்சல்காரர் இதைப் பல ஆண்டுப் பயிற்சியால் சரிசெய்கிறார். வெட்சூட் அணிந்தவுடனே சரிசெய்துவிடுகிறது. வினாடிக்கு 1.25 மீட்டர் வேகத்தில் இழுவை சுமார் 14 சதவீதம் குறைவதாக நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1989இல் அளந்து காட்டினார்கள். டிரையத்லானுக்கென்றே தனி வெட்சூட்டை 1987இல் குவின்டானா ரூ நிறுவனத்தின் டான் எம்ஃபீல்ட் கொண்டுவந்தார். இன்றைய உடைகளில் மார்பிலும் தொடையிலும் ரப்பர் 5 மில்லிமீட்டர் வரை தடித்திருக்கும். தோளில், கை வீச்சு தடைபடாதபடி, 2 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோதான். அணிவதற்கும் பொறுமை வேண்டும். நகம் பட்டால் வழவழப்பான வெளிப்பரப்பு கிழியும் என்பதால், விரல் நுனியின் சதையால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி மேலேற்ற வேண்டும். அக்குளில் இடைவெளி விட்டுவிட்டால் ஒவ்வொரு கை வீச்சிலும் ரப்பரை இழுத்து இழுத்தே தோள் ஓய்ந்துபோகும்.

குளிருக்காகத்தான் விதியே இருக்கிறது, மிதப்பை ஏன் பெரிதாக்குவது என்று கேட்கலாம். குளிர் மட்டுமே கணக்கு என்றால் தடிமனுக்கு உச்சவரம்பு எதற்கு? 5 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது என்ற விதிக்குக் குளிரை வைத்து விளக்கம் சொல்ல முடியாது. நீச்சலில் பின்தங்கியவர்களுக்குப் பாதுகாப்புதானே, எப்போதும் அனுமதிக்கலாமே என்பது இதைவிட வலுவான கேள்வி. மிதப்பு பயத்தைக் குறைக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் முழு மூச்சாக நீந்தும் உடல் செலவிடும் ஆற்றலில் பெரும்பங்கு வெப்பமாகிறது. வெதுவெதுப்பான நீரில் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் ரப்பர் அடைத்துவிட்டால், காக்க வேண்டிய உடையே ஆபத்தாகும். ஹவாயின் கோனாவில் நடக்கும் அயர்ன்மேன் உலகப் போட்டியில் வெட்சூட்டுக்கு இடமில்லாததும், சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் அல்கட்ராஸ் நீச்சலில் அது இல்லாதவரைக் காண்பது அரிதாக இருப்பதும் நீரின் வெப்பநிலையால்தான்.

உலக டிரையத்லான் அமைப்பின் விதிப்படி 1500 மீட்டர் வரையிலான நீச்சலில், தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உயர்நிலை வீரர்களுக்கு வெட்சூட் கிடையாது. வயதுப் பிரிவுகளில் கலந்துகொள்ளும் சாதாரணப் போட்டியாளர்களுக்கு அந்த எல்லை 22 டிகிரி. இந்த 2 டிகிரி வேறுபாடு பாரபட்சம் அல்ல. முன்னவர்கள் வேகமாக நீந்தி அதிக வெப்பத்தை உண்டாக்கி, 20 நிமிடத்துக்குள் கரையேறிவிடுகிறார்கள். பின்னவர்களில் பலர் அதே நீரில் இருமடங்கு நேரம் கிடக்க வேண்டும். 16 டிகிரிக்குக் கீழே போனாலோ இரு சாராருக்கும் வெட்சூட் கட்டாயம். அங்கே யாருக்கு என்ன லாபம் என்ற கேள்வியை விதி கேட்பதே இல்லை.