ஒற்றைக்குழல் துவக்கும் ரைபிளும்

கீரிமலை தீர்த்தத்தால் பெயர்பெற்ற ஊர். கேணியில் நீராடி நகுலேசுவரரை வணங்கச் செல்வோருக்கு அங்கே துவக்கைப் பற்றிய நினைவு எழுவதற்கு இடமில்லை. சுண்ணக்கல் நிலமும் பனையும் கடலுமே அவ்வூரின் காட்சி; காட்டுப்பன்றி வந்திறங்கத் தக்க பெருங்காடு அதன் அருகில் இல்லை. ஆனால் குடாநாட்டு மக்களிற் பலர் ஆனையிறவைக் கடந்து வன்னியிலே வயல் செய்தவர்கள். 1920 இல் கட்டி முடிக்கப்பெற்ற இரணைமடுக் குளத்தின் நீரை நம்பிக் கிளிநொச்சிப் பக்கம் குடியேறியவர்களும் அவர்களுள் உளர். கதிர் முற்றும் காலத்தில் ஓரிரவிலேயே பன்றிக் கூட்டம் ஒரு வயலை உழுது போட்டுவிடும். ஆகவே பயிர்க்காவலுக்கு உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று குடும்பச் சொத்தாகத் தந்தையிடமிருந்து மகனுக்கு வருவதுண்டு.

இத்தகைய துவக்கை வைத்திருப்பவருக்கு ஒரு மனக்குறை இருக்கும். சிறுரவைகள் நிறைந்த தோட்டா நாற்பது யார் தூரத்துக்குள்ளேதான் பயன்படும். அதற்கப்பால் ரவைகள் சிதறி வலுவிழந்துவிடும். ரைபிளோ நூறு, இருநூறு யார் தூரத்திலும் ஒரே குண்டைக் குறியிலே சேர்க்கும். அப்படியானால் இந்தப் பழந்துவக்கையே ஒரு கைதேர்ந்த கொல்லரிடம் கொடுத்து ரைபிளாக மாற்றினால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பே. அந்த எண்ணத்தால் கண்ணையோ கைவிரல்களையோ இழக்க நேரிடலாம் என்பதால், அதன் உண்மையை ஆராய்தல் வேண்டும்.

முதலில் இரண்டுக்கும் உள்ள வேற்றுமை. துவக்கின் குழல் உட்புறம் வழுவழுப்பானது. பன்னிரண்டாம் இலக்கத் துவக்கு என்பதன் பொருள், ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் அவற்றுள் ஒன்று குழலினுள் பொருந்தும் என்பதே. குழலின் விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர். ரைபிளின் குழல் மிக ஒடுக்கமானது. அதன் உட்சுவரில் திருகாணியின் புரிகளைப்போலச் சுழன்று செல்லும் வரிகள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு அவ்வரிகளைக் கவ்விச் சுழன்றபடி வெளியேறுவதால், பம்பரம் சுழலும்வரை சாயாது நிற்பதுபோல, வழி பிறழாது செல்லும்.

வேற்றுமை இவ்வளவே என்றால் வரிகளை வெட்டிவிட்டு வேலை முடிந்தது எனலாம். அபாயம் வேறிடத்தில் இருக்கிறது. வெடிமருந்து எரியும்போது எழும் வாயுவின் அழுத்தமே அது. இங்கிலாந்தின் சோதனைச் சாலைகள் துவக்குக் குழல்களிற் பொறித்த முத்திரைகளில், சதுர அங்குலத்துக்கு 3 தொன், 3¼ தொன், 4 தொன் என்ற அளவுகளைக் காணலாம். .303 ரைபிளின் குழலிலோ 18.5 தொன் எனப் பொறித்திருக்கும். ஒன்று மற்றொன்றின் ஐந்தாறு மடங்கு. துவக்கின் குழல், தோளிற் சுமந்து நடப்பதற்கு இலேசாக இருக்கவேண்டும் என்று மெல்லியதாகச் செய்யப்பட்டது. அதைப் பூட்டி நிற்கும் கொளுவியும் கீலும் அந்தச் சிறிய அழுத்தத்தைத் தாங்குவதற்கே அமைந்தவை. ரைபிளின் தோட்டாவை அதில் வெடித்தால் குழல் கிழியலாம், அல்லது பூட்டுத் தெறித்துச் சுடுபவரின் முகத்திலேயே வந்து பாயலாம். குழலுக்குள் வேறொரு சிறு குழலைச் செருகிவிட்டால் போதும் என்று சொல்வோரும் உண்டு. உட்குழல் எவ்வளவு உறுதியானதாயினும் பின்னே தள்ளும் விசையைத் தாங்கவேண்டியது அதே பழைய பூட்டுத்தான் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

பழைய ஆயுதங்களை மாற்றியமைத்த வரலாறு உலகில் இல்லாமலில்லை. 1866 இல் பிரித்தானியப் படை ஜேக்கப் சினைடர் என்ற அமெரிக்கரின் முறையைக் கைக்கொண்டு, வாய்வழியே மருந்து கெட்டித்த என்பீல்ட் ரைபிள்களைப் பின்புறமாகத் தோட்டா இடுபவையாக மாற்றியது. குழலின் அடியிலே ஏறத்தாழ இரண்டரை அங்குலத்தை வெட்டி நீக்கி, பக்கவாட்டில் திறக்கும் ஓர் அடைப்பை அங்கே பொருத்தினார்கள். குழல் ஏற்கெனவே வரி வெட்டப்பட்டதாகவே இருந்தது. பயன்பட்டதும் அதே கரிமருந்துதான். புதிய சுமை எதையும் அக்குழலின்மேல் ஏற்றவில்லை. (தமக்குரிய ஊதியத்துக்காக அரசாங்கத்துடன் வழக்காடிக் கொண்டிருந்த சினைடர், தம் கண்டுபிடிப்பின் பயனை நுகராமலே அவ்வாண்டில் இறந்துபோனார்.)

இந்தியாவில் நடந்தது இன்னும் தெளிவான சான்று. கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள இச்சாப்பூர்ப் படைக்கலச் சாலையில், .303 ரைபிள்களின் வரிகளைக் குடைந்து நீக்கி, ஒரு முறைக்கு ஒரு தோட்டா மட்டுமே இடும் .410 துவக்குகளாக மாற்றிக் காவலருக்கு வழங்கினார்கள். பிறர் கைப்பற்றினாலும் படையினரின் தோட்டாவை அதில் இட்டுச் சுடமுடியாதபடி செய்வதே நோக்கம். அங்கே மாற்றம் வலியதிலிருந்து மெலியதை நோக்கிச் சென்றது. பெரும் அழுத்தத்துக்கென அமைந்த உடல் சிறு அழுத்தத்தை எளிதிலே தாங்கிற்று. நம்மவர் விரும்புவது இதற்கு நேர்மாறான பயணம். பெருந்தொழிற்சாலைகளே துணியாத வழியில் கிராமத்து உலைக்களம் இறங்குவது எவ்வகையிலும் தகாது.

துவக்கும் ரைபிளும் ஒன்றாய்க் கூடிய ஒரு படைப்பும் உண்டு. போஸ்பெரி என்ற படைத்தலைவர் 1885 இல் உரிமம் பெற்று, இலண்டன் ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட் நிறுவனம் செய்த ‘பரடொக்ஸ்’ துவக்கே அது. அதன் குழல் நெடுக வழுவழுப்பாய் இருக்க, வாயருகே ஓரிரண்டு அங்குலத்தில் மட்டும் வரிகள் வெட்டப்பட்டிருந்தன. சிறுரவையும் சுடலாம்; கனத்த தனிக்குண்டையும் நூறு யார் வரை குறி தவறாமற் சுடலாம். இந்தியக் காடுகளில் வேட்டையாடிய துரைமாருக்கு அது மிகவும் உவந்ததாயிற்று. எனினும் அது மாற்றியமைக்கப்பட்ட பழந்துவக்கன்று. தொடக்கத்திலிருந்தே அதற்கெனக் கனமாக வடிக்கப்பட்டு, சோதனைச் சாலையில் மிகை மருந்திட்டு வெடித்துப் பார்த்த பின்பே விற்பனைக்கு வந்தது.

சட்டமும் இதனைத் தனியார் விருப்பத்துக்கு விட்டுவிடவில்லை. இலங்கையில் 1916 ஆம் ஆண்டின் சுடுபடைக்கலக் கட்டளைச் சட்டப்படி உரிமமின்றித் துவக்கு வைத்திருப்பதும் செய்வதும் குற்றமாகும். வேட்டையாடுதல் 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்கு அடங்கியது.

உள்ளபடியே உள்ள துவக்கைக் கொண்டு பன்றியை எதிர்கொள்ள விரும்புவோருக்கு, அதே அளவுக்கெனத் தொழிற்சாலையிற் செய்த தனிக்குண்டுத் தோட்டாக்கள் உண்டு. ஆனால் அவற்றிலும் எச்சரிக்கை வேண்டும். பல குழல்கள் வாயருகே சிறிது ஒடுங்கியிருக்கும். அவ்வொடுக்கத்துக்குப் பொருந்தாத உருண்டை அங்கே நெரிபட்டுக் குழலைப் பிளக்கும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றுக் குழலின் உட்புறத்தை மெல்ல அரித்து, வெளியே மெருகு குலையாதிருக்கச் செய்வதும் உண்டு. ஆதலால் பழந்துவக்கை உரிமம் பெற்ற திருத்துநரிடம் காட்டி உட்சுவரின் கனத்தை அளவிடுவித்த பின்பே அதில் தோட்டா இடவேண்டும். இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கென அமைந்த பழைய குழலில் இரண்டேமுக்கால் அங்குலத் தோட்டாவும் தடையின்றி உள்ளே நுழைந்துவிடும். வெடிக்கும்போது அதன் மடிந்த வாய் முழுதும் விரிய இடமின்றி அழுத்தம் அளவுகடந்து ஏறும். அளவு குழலின் அடியிலே பொறிக்கப்பட்டிருக்கும். கட்டையைக் கழற்றினால் தெரியும்.