மட்டையில் பந்து ஏன் படுவதில்லை?

நல்ல உடல்வலு உள்ள பிள்ளைகூட சாஃப்ட்பாலில் காற்றையே அடித்துவிட்டுத் திரும்புவது ஏன்?

பெண்கள் ஆட்டத்தில் வீசுமிடத்துக்கும் அடிப்பவருக்கும் இடையே 13.1 மீட்டர். வீசுபவர் முன்னால் பாய்ந்து பந்தை விடுவதால் மிஞ்சுவது ஏறத்தாழ 12 மீட்டர். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அதை அரை விநாடிக்குள் கடந்துவிடும். மட்டையைச் சுழற்றவே 0.15 விநாடிக்கு மேல் போய்விடும். யோசிக்க எங்கே நேரம்?

அதனால்தான் சுழற்சியை உடம்பே அறிந்திருக்க வேண்டும். கம்பத்தில் பந்தை வைத்து, எதிரே வலை கட்டி அடிக்கும் பயிற்சி அதற்குத்தான். உடம்பை ஒட்டி வரும் பந்துக்குக் கம்பத்தை முன்பாதத்துக்கும் சற்று முன்னே வையுங்கள். விலகி வருவதற்குப் பின்னால் தள்ளுங்கள். மட்டை பந்தின் மேல்பாதியில் பட்டால் பந்து தரையில் உருளும். மிகவும் கீழே பட்டால் வானத்துக்குப் போகும். வலையின் நடுவில் நேராகப் பாய்ந்தால் சரி.

அடுத்தது, அருகிலிருந்து போட்டுத்தரும் பந்து. இங்கே பலர் ஒரே வேகத்தில் போடுகிறார்கள். 1994இல் அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் வீரர்களிடம் நடந்த ஆய்வில், வெவ்வேறு வீச்சுகளைக் கலந்து சந்தித்தவர்களே, ஒவ்வொன்றையும் தொகுதியாக அடித்துப் பழகியவர்களைவிடக் கூடுதலாக முன்னேறினார்கள். பயிற்சியின்போது தடுமாற்றம் தெரியும், பயப்பட வேண்டாம்.

கோலா கங்சார் ஆசிரியர்களே, பிற்பகல் மழை திடலை நனைத்தால் பயிற்சியை நிறுத்தாதீர்கள். ஒரு கம்பமும் வலையும் பள்ளிக் கொட்டகையிலேயே போதும்.