பரண் மேல ஒரு ஆர்ட் கேலரி!

ஒரு சின்ன டெஸ்ட். உங்க வீட்டுப் பரண்ல என்னென்ன இருக்குன்னு ஏறிப் பார்க்காம சொல்லுங்க பார்ப்போம்!

கைப்பிடி போன டிபன் கேரியர், தாத்தாவோட டிரங்குப் பெட்டி, நின்னுபோன ஹெச்.எம்.டி. வாட்ச், பேர் வெட்டின எவர்சில்வர் குடம், அம்மா கல்யாணத்துக்கு முன்னாடி பாஸ் பண்ணின டைப்ரைட்டிங் ஹையர் சர்டிஃபிகேட்... போகி வந்தா இதுல பாதி தீயில போகும், மீதி காயலான் கடைக்குப் போகும். 'அடைசலை ஒழிச்சாச்சு'ன்னு வீட்ல எல்லோருக்கும் நிம்மதி. அதானே வழக்கம்?

கொஞ்சம் பொறுங்க. இந்த மாதிரி அடைசல்ல இருந்துதான் ஒரு காலேஜ் மாணவி தன்னோட புராஜெக்ட்டைக் கண்டுபிடிச்சாங்க. அது ஆய்வேடாச்சு, புத்தகமாச்சு, உலகம் முழுக்கப் பேசப்பட்டுச்சு. மேல படிங்க.

ஒரு குடம், ஒரு கஜக்கோல்

ஆஞ்சல் மல்ஹோத்ரா, டெல்லிப் பெண். கனடாவில் மான்ட்ரியல் நகரத்து கன்கார்டியா பல்கலைக்கழகத்தில் எம்.எஃப்.ஏ. படித்துக்கொண்டிருந்தார். அதற்கு முன்பு படித்தது அச்சுக்கலை. 2013-ல் ஊருக்கு வந்திருந்தபோது, டெல்லியில் தாத்தா முறை உறவினர் ஒருவரின் பழைய வீட்டுக்குப் போனார். அங்கே இரண்டு பொருட்கள் அவர் கண்ணில் பட்டன. ஒன்று லஸ்ஸி கடைகிற உலோகக் குடம். இன்னொன்று துணி அளக்கும் கஜக்கோல். இரண்டுமே குடும்பத்தோடு லாகூர் பக்கமிருந்து இந்தியாவுக்கு வந்தவை.

1947 பிரிவினையில் அடிபட்ட குடும்பம்தான் அவருடையது. ஆனாலும் அதைப் பற்றி வீட்டில் யாரும் பெரிதாகப் பேசியதில்லை. அந்தப் பெரியவர் குடத்தையும் கோலையும் கையில் எடுத்ததும்தான் பழைய கதை வெளியே வந்தது. அன்றைக்கே ஆஞ்சலுக்குப் பிடிபட்டுவிட்டது, தான் என்ன செய்யப்போகிறோம் என்று!

அதன் பிறகு எல்லையின் இரண்டு பக்கமும் அலைந்தார். பிரிவினையின்போது மக்கள் கையோடு எடுத்து வந்த பொருட்களைத் தேடித் தேடிப் படமெடுத்தார், அவற்றின் கதைகளைப் பதிவு செய்தார். முத்துமாலை, கவிதை எழுதிய நோட்டு, வீட்டு வாசலில் பதித்த கல் பலகை என்று வரிசை நீண்டது. சொந்தப் பாட்டியின் நெற்றிச்சுட்டியும், தாத்தாவின் சமையல் பாத்திரங்களும்கூட அதில் சேர்ந்தன. எம்.எஃப்.ஏ. ஆய்வேடாகத் தொடங்கியது, 2017-ல் 'ரெம்னன்ட்ஸ் ஆஃப் எ செபரேஷன்' என்ற புத்தகமாக வந்தது. அதே வருஷம், யார் வேண்டுமானாலும் தங்கள் வீட்டுப் பொருளின் கதையைச் சேர்க்கும்படியான 'மியூசியம் ஆஃப் மெட்டீரியல் மெமரி' என்ற இணையக் காப்பகத்தையும் இன்னொருவரோடு சேர்ந்து தொடங்கினார்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தக் குடத்தை அவர் வெட்டவில்லை, ஒட்டவில்லை, பெயின்ட் அடிக்கவில்லை. அதைப் பற்றிக் கேட்டார், அவ்வளவுதான். 'பார்ட்டிஷன் பத்திச் சொல்லுங்க தாத்தா'ன்னு கேட்டா, யாரும் பாடப் புத்தகத்தில் இருக்கறதைத்தான் ஒப்பிப்பாங்க. 'இந்தக் கோல்ல என்ன துணி அளந்தாங்க?'ன்னு கேட்டுப் பாருங்க. கடை வரும், கடைத்தெரு வரும், அங்கே விட்டுட்டு வந்த ஆளுங்க பேரு ஒவ்வொண்ணா வரும்.

நம்ம ஏரியாவுல என்ன இருக்கு?

'பார்ட்டிஷன் எல்லாம் டெல்லிக்காரங்களுக்கு பாஸ். இரும்புலியூர்ல என்ன கதை இருக்கப்போகுது?'ங்கறீங்களா?

இருக்கு. பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சது 1931-ல். கிறிஸ்தவக் கல்லூரி பாரிமுனையிலிருந்து தாம்பரத்துக்குக் குடிவந்தது 1937-ல். 1984-ல் மெப்ஸ் வந்தது. நடுவுல ரயில்வே, விமானப்படைத் தளம், சானடோரியம் ஆஸ்பத்திரின்னு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கூட்டத்தை இங்கே இழுத்துட்டு வந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி வரிசையா இருக்கற பெருங்களத்தூர், இரும்புலியூர், தாம்பரத்துல கதவைத் தட்டிக் கேளுங்க. 'எங்களுக்குச் சொந்த ஊர்...'னுதான் பல வீட்ல பேச்சே ஆரம்பிக்கும். அப்படி வந்தவங்க கையோட எதையோ எடுத்துட்டு வந்திருப்பாங்க இல்லையா? அதுதான் உங்க பரண்ல தூங்குது.

முக்கியமா அந்தப் பேர் வெட்டின பாத்திரத்தை எடுங்க. நம்ம ஊர்ல பாத்திரம்ங்கறது ஒரு ரிஜிஸ்டர். யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, எந்தத் தேதி... எல்லாம் விளிம்புல இருக்கும். பழைய பித்தளையில உளி வெச்சுப் புள்ளி புள்ளியாத் தட்டின எழுத்து. பின்னாடி வந்த எவர்சில்வர்ல கடைக்காரர் மெஷின்ல கிறுக்கின எழுத்து. ஒரு குடத்துல இருக்கற பேரை வீட்ல யாருமே சொல்லிக் கேள்விப்பட்டதில்லையா? அங்கேதான் கதை இருக்கு. பேச்சுவார்த்தை நின்னுபோன பெரியம்மாவா இருக்கலாம். அந்த அண்டா, உங்க அப்பாவோட காலேஜ் ஃபீஸுக்காக அடகுக்குப் போய்த் திரும்பி வந்ததா இருக்கலாம்.

அம்மாவே ஆர்ட்டிஸ்ட்!

சீனாவில் சாங் டாங் என்று ஒரு கலைஞர். 2002-ல் அவருடைய அப்பா இறந்துபோனார். அம்மா ஜாவ் ஷியாங்யுவான் துக்கத்திலிருந்து மீளவே இல்லை. அவர் ஏற்கெனவே எதையும் தூக்கிப் போடாத ரகம். பற்றாக்குறைக் காலத்தைப் பார்த்தவர் என்பதால், மகனுக்கு உதவும் என்று துணி சோப்பைக்கூட வருஷக்கணக்கில் சேர்த்து வைத்தவர். மகன் வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்த பிறகும் அந்த சோப்பு பத்திரமாகவே இருந்தது! கணவர் போன பிறகு வீடு முழுக்கப் பொருட்கள் அடைத்துக்கொண்டன.

'இதையெல்லாம் தூக்கிப் போடும்மா'ன்னு மகன் சண்டை போட்டுக்கொண்டே இருந்திருக்கலாம். அவர் வேறொன்று செய்தார். அம்மாவையும் சேர்த்துக்கொண்டு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அந்தப் பொருட்களை 2005-ல் பெய்ஜிங்கில் கண்காட்சியாக வைத்தார். காலி பற்பசை டியூப், பாட்டில், சட்டி, செருப்பு, துணிமூட்டை என எல்லாம் வகை பிரித்து, வரிசையாக, தரையில். வீட்டு மரச்சட்டமும் கூடவே நின்றது. அம்மா அங்கேயே இருந்து பொருட்களை அடுக்கினார், வந்தவர்களோடு பேசினார். 'வேஸ்ட் நாட்' என்ற அந்தப் படைப்பு 2009-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் வரைக்கும் போனது. அந்த வருஷமே அம்மா காலமானார்.

நல்லா யோசிச்சுப் பாருங்க. மகன் பேர் வாங்க அம்மாவோட பொருளைத் திருடிக்கல. அம்மாவைக் கூட்டாளியாக்கினார். வீட்டுப் பொருளை வெச்சு எது செஞ்சாலும் இந்த ஒரு விஷயம்தான் அடிப்படை. அந்தப் பொருளோட ஆள் உங்க பக்கத்துல இருக்கணும்.

பொருளே இல்லைன்னா?

இது சீரியஸான கேள்வி. 2015 டிசம்பர் 2-ம் தேதி காலை வரைக்குமான 24 மணி நேரத்துல தாம்பரத்துல பெய்தது 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வீடுகள் மூழ்கினது. அப்ப நீங்க ஸ்கூல்ல இருந்திருப்பீங்க. தண்ணி வடிஞ்ச பிறகு தெருவோரம் குவிஞ்சு கிடந்த மெத்தை, பீரோ, கல்யாண ஆல்பம் எல்லாம் இன்னும் பல பேருக்குக் கண்ணுலயே நிக்கும். லாரி அள்ளிட்டுப் போன அந்தக் குவியல்ல உங்க வீட்டு டிரங்குப் பெட்டியும் இருந்திருக்கலாம்.

அப்படிப்பட்டவங்க யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனனைத் தெரிஞ்சுக்கணும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிப்பவர். 1981-ல் எரிக்கப்பட்டு மறுபடி எழுந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில், 2004-ல் ஒரு படைப்பை வைத்தார். அங்கத்து வீடுகளிலிருந்து கேட்டு வாங்கிய சாதாரணப் பொருட்கள்தான் அதன் மூலப்பொருள். போரைப் பற்றி ஆளாளுக்கு ஒரு வரலாறு எழுதிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்கு வீடு ஒரு வரலாறு இருக்கிறது என்று காட்டினார்.

ஆனால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்தவர்களிடம் என்ன பொருள் இருக்கும்? 2011-ல் வந்த 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' புத்தகம் அதற்குப் பதில். தோம்பு என்றால் டச்சுக்காரர் காலத்து நிலப் பதிவேடு. இடம்பெயர்ந்தவர்களிடம் பேப்பரைக் கொடுத்து, இழந்த வீட்டை நினைவிலிருந்து வரையச் சொன்னார் சனாதனன். கிணறு இங்கே, வேப்பமரம் இங்கே, அம்மா உட்காரும் திண்ணை இங்கே... கோணல் மாணலான அந்தக் கோடுகளும், அவற்றை வைத்துக் கட்டடக்கலைஞர் போட்ட பிளானும், சனாதனனின் ஓவியமும், அவர்கள் சொன்ன கதையும் சேர்ந்ததுதான் அந்தப் புத்தகம். வீடு இல்லை. அதைப் பார்த்த கண் இருக்கிறது. அது போதுமானதாக இருந்தது.

ஸோ, வெள்ளத்துல ஆல்பம் போச்சா? பாட்டிகிட்ட ஒரு பேப்பரைக் கொடுத்து, 'அந்த போட்டோவுல யார் யார் எங்கே நின்னாங்க?'ன்னு கட்டம் போட்டுக் காட்டச் சொல்லுங்க. ஹாஸ்டல்ல இருக்கற வெளியூர்ப் பசங்களுக்கும் இதே ஐடியாதான். ஒரு போன் கால் போதும்!

ரெடி, ஸ்டார்ட்!

ஃபைன் ஆர்ட்ஸ் படிச்சாதான் செய்யணும்னு இல்லை. பி.காம்., பி.எஸ்சி., இன்ஜினீயரிங்... யாரா இருந்தாலும் கை வைக்கலாம். சில டிப்ஸ்:

ஒரே ஒரு பொருளை எடுங்க. பத்து எடுத்தா அது கண்காட்சி ஆகாது, வீடு காலி பண்றது மாதிரி ஆயிடும்!

பளபளன்னு துலக்காதீங்க. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சா, தேய்ஞ்ச எழுத்து இன்னும் தேயும். நசுங்கல், கறை, ஒட்டுப்போட்ட இடம் எல்லாமே கதையோட பாகம்.

கையில கொடுத்துட்டுக் கேளுங்க. யார் வாங்கினது, என்ன விலை, யார் தொடக் கூடாதுன்னு வீட்ல சொல்வாங்க, கடைசியா எப்போ உபயோகப்பட்டுச்சு? சொல்லிட்டு போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. ஒளிச்சு வெச்சுப் பண்ணாதீங்க.

ஒரிஜினல்ல பசை, ஆணி, பெயின்ட் படவே கூடாது. கடுதாசியா இருந்தா ஸ்கேன் எடுத்து, அந்த நகல்ல விளையாடுங்க. சட்டத்துக் கண்ணாடியோட ஒட்டிப்போன போட்டோவைப் பிய்க்காதீங்க, கண்ணாடியோட சேர்த்தே படமெடுங்க. பழைய பில், டிக்கெட் எல்லாம் வெப்பத்துல அச்சாகற தாளா இருந்தா சீக்கிரம் வெளுத்துடும். முதல்ல அதைப் படமெடுங்க.

எப்படி வைக்கறதுன்னு தெரியலையா? தாம்பரத்துல ட்ரெயின் பிடிச்சு எழும்பூர்ல இறங்குங்க. அரசு அருங்காட்சியகத்துல ஒரு பொருளுக்கு எவ்வளவு இடம் விடறாங்க, எத்தனை வரியில குறிப்பு எழுதறாங்கன்னு பாருங்க. கிழக்குக் கடற்கரைச் சாலையில முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குப் போனா, பழைய வீடுகளையே பிரிச்சு எடுத்து வந்து மறுபடி கட்டி, உள்ள புழங்கின சாமான்களோட வெச்சிருக்காங்க. 1996-லிருந்து இருக்கு. ஒரு நாள் முழுக்கச் சுத்தலாம்.

ஒரு விஷயம், கவனமா...

ஆரம்பத்துல சொன்ன அந்த டைப்ரைட்டிங் சர்டிஃபிகேட்டுக்கு வருவோம். 'ஹையர் பாஸ் பண்ணிட்டு ஏம்மா வேலைக்குப் போகல?' இந்தக் கேள்வி விளையாட்டு இல்லை. அம்மா சிரிச்சுட்டுப் போயிடலாம். ரெண்டு நாள் பேசாமலும் இருக்கலாம். அப்பாவுக்குக் கோபம் வரலாம். பரண்ல இருக்கற சில சாமான்கள் மறந்து போய் அங்கே இருக்கறதில்லை. கண்ணுல படக் கூடாதுன்னே யாரோ ஏத்தி வெச்சிருக்காங்க.

அப்படி ஒண்ணு கிடைச்சா, 'சூப்பர் மேட்டர் சிக்கிருச்சு'ன்னு துள்ளாதீங்க. 'இதை வெளிய காட்டலாமா?'ன்னு கேளுங்க. வேண்டாம்னு சொன்னா, விட்டுடுங்க. மார்க் போனாலும் பரவாயில்லை. கேட்டீங்க, அவங்க சொன்னாங்க. இத்தனை வருஷத்துல வீட்ல வேற யாருமே அதைக் கேட்டிருக்க மாட்டாங்க. கண்காட்சி நடக்கலைன்னாலும் அது நடந்திருக்கு இல்லையா?

இன்னொண்ணு. பித்தளைக் குடத்துக்கு அவசரம் கிடையாது. இன்னும் நூறு வருஷம்கூட அப்படியே இருக்கும். அதுல வெட்டியிருக்கற பேர் யாரோடதுன்னு தெரிஞ்ச ஆளுக்குத்தான் வயசாகிட்டே போகுது.

அதனால செமஸ்டர் லீவுக்காகக் காத்திருக்க வேணாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஸ்டூலைப் போட்டுப் பரண்ல ஏறுங்க. தும்மல் வரும், பல்லி ஓடும், 'என்னடா பண்றே அங்க?'ன்னு கீழே இருந்து ஒரு குரல் கேட்கும்.

குடத்தை இறக்கி, அந்தக் குரல்கிட்டயே கொடுங்க. முதல் கேள்வியைக் கேளுங்க!